நீண்ட காலம் என்றால் எவ்வளவு

கோடு போட்ட தாள் கேட்டிருந்தேன், இல்லை என்றார்கள். பரவாயில்லை. வெள்ளைத் தாளில் என் எழுத்து வலப்பக்கம் போகப் போக மேலே ஏறிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம். டீ நன்றாக இருந்தது.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் பழக்கம். பெயர் சரண், வயது இருபத்தாறு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் தரம் பார்க்கும் வேலை. பொருள் அளவு பார்க்கும் கேஜுக்குள் நுழைந்தால் எடுத்துக்கொள்வோம், நுழையாவிட்டால் தள்ளிவிடுவோம். மற்றவர்கள் ஒருமுறை அளப்பதை நான் மூன்று முறை அளப்பேன். திறமை என்று நினைத்துவிடாதீர்கள். என்மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இந்த வாக்குமூலத்தையும் ஒருமுறை எழுதிப் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எழுதுகிறேன். ஒரு தாள் வீணானதற்கு மன்னிக்கவும்.

இறந்துபோன சின்னப்பையன் என் அம்மாவின் அண்ணன். அண்ணனூர் கார் ஷெட்டில் முப்பத்தெட்டு வருஷம் மின்சார ரயில்களைப் பழுது பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர். பட்டாபிராமில் தண்டவாளத்துக்கு வடக்கே அவர் வீடு. என் பெற்றோர் சென்னீர்குப்பத்தில் இருக்கிறார்கள். அம்மாவின் அப்பா காலத்தில் நாற்று நட்ட வயல்களெல்லாம் இப்போது கிடங்குகள், அதில் ஒன்றுக்கு அப்பா வாட்ச்மேன். அங்கிருந்து அம்பத்தூருக்கு பஸ் மாறி மாறி வருவது கஷ்டம் என்று மாமாதான் மாடியில் ஷீட் போட்ட அறையை எனக்குக் கொடுத்தார். வாடகை வாங்கவில்லை. கொடுக்கப் போனேன், மறுத்துவிட்டார் என்று முதல் தாளில் எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால், கொடுக்கப் போகவில்லை. மூன்று வருஷமாக இரவுச் சாப்பாடும் அவர் வீட்டில்தான்.

சென்ற வருஷம் ஜூனில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, வாரம் மூன்று நாள், ஏழிலிருந்து ஒன்பது வரை. பங்குச்சந்தை அடிப்படைகள். நடத்துபவர் திருமுருகன் சார். பகலில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். முதல் நாள் இருபத்திரண்டு பேர் வந்தோம். சந்தையில் பொறுமைதான் எல்லாம் என்று சார் சொன்ன இரண்டாவது வாரம் ஒன்பது பேர் இருந்தோம்.

அந்த ஒன்பது பேரில் நோட்டு எடுத்தவன் நான் ஒருவன்தான். சார் சென்செக்ஸ் குறியீட்டின் வரலாற்றை போர்டில் எழுதினார். எழுபத்தொன்பதில் நூறு என்று வைத்துத் தொடங்கியது இன்று எண்பதாயிரத்துக்கு மேல். நடுவில் தொண்ணூற்றிரண்டில் விழுந்தது. இரண்டாயிரத்து எட்டில் இருபத்தோராயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்கு விழுந்தது. பழைய இடத்துக்கு வர ஏறக்குறைய மூன்று வருஷம் ஆயிற்று. இருபதில், ஊரடங்குக்கு முந்தின நாட்களில், ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. எட்டு மாதத்தில் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் விழுந்தது, ஒவ்வொரு முறையும் எழுந்தது. நஷ்டப்பட்டது யார் என்றால், நடுவில் பயந்துபோய் விற்றவர்கள். முதலீட்டாளருக்கு எதிரி சந்தை இல்லை, அவரேதான் என்று சார் சொன்னார். நான் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

இன்னொரு நாள் ஒரு கதையும் சொன்னார். எங்கேயோ ஒரு முதலீட்டு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களில் யார் அதிக லாபம் பார்த்தார்கள் என்று கணக்கெடுத்ததாம். முதலிடம் செத்துப்போனவர்களுக்கு. ஏனென்றால் அவர்கள் மட்டும்தான் எதையும் தொடவில்லை. வகுப்பே சிரித்தது. எத்தனை பேரை வைத்துக் கணக்கெடுத்தார்கள் சார் என்று நான் கேட்டேன். அது சும்மா சொல்ற ஜோக்குப்பா, யார் கிளப்பிவிட்டதுன்னே தெரியாது என்றார். வகுப்பு மறுபடி சிரித்தது. இரண்டாவது முறை சிரித்தது கதைக்காக இல்லை என்று அன்று இரவு டைரியில் எழுதியிருக்கிறேன்.

படித்ததை யாரிடமாவது சொல்லிப் பார்த்தால்தான் நமக்குப் புரிந்ததா என்று தெரியும். நான் மாமாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்பார். ஷெட்டில் பழகியவர், எதையும் கழற்றிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். சென்செக்ஸ் என்பது முப்பது பெரிய கம்பெனிகளின் நிலவரத்தைச் சேர்த்துச் சொல்லும் ஒரே எண் என்று விளக்கினேன். அந்த முப்பதும் எழுபத்தொன்பதில் இருந்த அதே முப்பதா என்று கேட்டார். இல்லை, தேறாததை எடுத்துவிட்டுத் தேறியதைச் சேர்ப்பார்கள் என்றேன்.

"அப்ப இன்னா மாப்ளே," என்றார். "தோத்தவன எறக்கிவுட்டுட்டு ஜெயிச்சவன ஏத்திக்கினே போனா வண்டி வேகமாத்தான் போவும். எறங்குனவன் கதைய யாரு எழுதுவா?"

இது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. விலை இறங்கினால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்டார். அதையும் சாரிடம் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். சார் பத்து நிமிஷம் பதில் சொன்னார். ரயிலில் வரும்போது அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. நீண்ட காலம், நீண்ட காலம்கிறியே, அது எவ்வளவு என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. எந்தப் பதினைந்து வருஷத்தை எடுத்துக்கொண்டாலும் நஷ்டம் வருவது மிக அபூர்வம் என்று வரைபடத் தாளில் போட்டே காட்டினேன்.

"பாஞ்சு வர்சம் களிச்சு எனக்கு எளுவத்தேளு," என்றார். "அப்ப நான் கீறேனா இல்லியான்னு அந்தக் கோட்ல எங்கனா போட்டுக்கீதா?"

அவர் மகள் மதிவதனி சிரித்துவிட்டாள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், அத்தை இறந்த பிறகு அந்த வீட்டை நடத்துபவளும் அவள்தான். அவள் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேதி மட்டும் குறித்திருக்கிறேன்.

கேலி செய்தாலும் மாமா என்னை நம்பினார். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒன்பது லட்சத்தை, குறியீடு எப்படிப் போகிறதோ அப்படியே போகும் ஒரு ஃபண்டில் போடச் சம்மதித்தார். விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். நாமினி மதிவதனி. போன் நம்பர் இருந்த இடத்தில் என் நம்பரை எழுதினேன். அவருக்குக் குறுஞ்செய்தி படிக்க வராது. நாள், செப்டம்பர் இருபத்தாறு. அதற்கு மறுநாள் சந்தை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது, எண்பத்தைந்தாயிரத்துச் சொச்சம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து இறங்க ஆரம்பித்தது.

உச்சம் என்பது பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும் மேடம். இது என் தவறு இல்லை என்று சாரும் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார் என்று எழுத ஆசைதான்; நான்கு முறை கேட்டேன்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர், எல்லா மாதமும் மாமா எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது. தெருவில் பாஸ்கரன் என்று ஒருவர், மாமாவோடு ஷெட்டில் வேலை பார்த்தவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் இன்னா தம்பி, மார்க்கெட்டு படுத்துகினு கீதாமே என்பார். மாமா அவரை அடக்குவார். பையன் படிச்சவன், அவனுக்குத் தெரியும் என்பார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில்தான் மாமா கேட்டார். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடை காலியாகிறது, மதிவதனிக்கு எடுத்துக்கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், முன்பணம் மூன்று லட்சம், அதை மட்டும் எடுத்துக்கொடு என்றார். மிச்சம் ஆறு லட்சம் அப்படியே இருக்கட்டும் என்றார். நஷ்டமாகத்தான் வரும் என்றேன். வரட்டும் என்றார்.

அன்று டைரியில் இரண்டு வரி இருக்கும், பாருங்கள். 'சொன்ன காரணம்: கடை. உண்மைக் காரணம்: பயம்.' பயந்தவர்கள் யாரும் பயத்தால் விற்கிறேன் என்று சொல்வதில்லை, ஏதாவது ஒரு செலவைக் காட்டுவார்கள் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். மூன்று லட்சத்தில் ஆரம்பிக்கும், ஒன்பதில் முடியும். பணத்தை எதற்காவது பயன்படுத்த வேண்டும் என்கிற எண்ணம் வந்துவிட்டால் ஒருவரால் நீண்ட கால முதலீட்டாளராக இருக்கவே முடியாது.

அதனால் அவரை அவரிடமிருந்து காப்பாற்றினேன். முதலில் சர்வர் பழுது என்று சொன்னேன். இரண்டு வாரம் அது போதுமானதாக இருந்தது. பிறகு படிவத்தில் கையெழுத்து வாங்கி, அம்பத்தூரிலேயே இருக்கிற ஃபண்டின் சேவை மையத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். அந்தப் படிவம் இன்னும் என் பையில் இருக்கிறது. மூன்றாவது முறை படிவம் எழுதும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்போது, பெயரை முழுசாக எழுதுங்கள் மாமா, இப்போதெல்லாம் அதுதான் விதி என்றேன். அவர் வழக்கமாக எழுத்தைச் சுருக்கிப் போடுபவர். படிவம் போயிற்று, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. செய்தி என் போனுக்கு வந்தது. நான் அதைப் படித்து, ஏப்ரல் பிறந்ததும் சரியாகிவிடும் என்று அவருக்குச் சொன்னேன். இதற்கெல்லாம் நான் எவ்வளவு நேரம் செலவழித்தேன் என்று பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். வேறு யாருக்காகவும் நான் இவ்வளவு உழைத்ததில்லை.

ஏப்ரல் ஆறு, ஞாயிற்றுக்கிழமை. டிவியில் உலகம் முழுக்க சந்தைகள் சரிகின்றன, நாளைக்கு இங்கேயும் சரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் செவ்வாய் வரைதான் காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டிருந்தார். பாஸ்கரன் மாமாவிடம், எதுக்கு அந்தப் பையனைத் தொல்லை பண்ற, அம்பத்தூர்ல ஆபீஸ் கீது, நேராப் போய்ப் படிவம் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது என்று சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போது மாமா அதை என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

"உனக்கு வேல கீது, வகுப்பு கீது. நானே போய்க்கிறேன் மாப்ளே. பாவம், ரெண்டு மாசமா அலையிற."

நான் சரி என்றேன். மேலே போய்ப் படுத்தேன். எனக்கு அன்று தூக்கம் வந்தது. அதைக் குறிப்பிட வேண்டும் என்று தோன்றுகிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறைக்கு லீவு என்று செய்தி அனுப்பினேன். ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போனேன். லீவு போட்டவன் ஏன் ஸ்டேஷனுக்குப் போனாய் என்று கேட்டீர்கள். தினமும் ஒன்பது முப்பத்திரண்டு வண்டியில் போகிறவன், அந்த நேரத்தில் கால் அங்கேதான் போகும் என்று சொன்னேன். சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது. அப்படியே விடுகிறேன்.

ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்தது, எழுபத்தோராயிரத்துச் சொச்சத்தில். ஒரே அடியில் கிட்டத்தட்ட நான்காயிரம் புள்ளி சரிவு. பிளாட்பாரத்தின் கோடியில் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் நான்கு தண்டவாளங்கள். உள்ளூர் வண்டிக்கு இரண்டு, விரைவு வண்டிக்கு இரண்டு. நடைமேம்பாலம் இருக்கிறது. மாமா அதில் ஏறியதே இல்லை. ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் யாரும் ஏற மாட்டார்கள். ரயிலைக் கழற்றி மாட்டியவனுக்கு ரயிலிடம் என்ன மரியாதை. நாப்பது வர்சமா என்னக் கேட்டுதான் அது ஓடுச்சு என்பார். ஆனால் ஷெட்டில் கம்ப்ரசர் சத்தத்தில் இடது காது போய்விட்டது. போன் வந்தால் வலது காதில்தான் வைப்பார். நடந்துகொண்டே பேசவும் அவருக்கு வராது. எங்கே இருக்கிறாரோ அங்கேயே நின்றுவிடுவார். காய்கறிக் கடை வாசலில், கல்யாண வீட்டுப் படியில், ஒருமுறை ஆவடி மார்க்கெட்டில் நடுரோட்டில் நின்று பேசி, ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கினார். இதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் தெரியாமல் இருக்காது.

சென்னைப் பக்கத்திலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, வரும் ஒரு எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் போகும். அது தாண்டும் நேரத்தை ஜனவரியிலிருந்து டைரியில் எழுதி வந்திருக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம். வகுப்பில் சராசரியும் அதிலிருந்து விலகுவதும் நடத்தினார்கள். வீட்டில் போட்டுப் பார்க்க ஏதாவது எண்கள் வேண்டியிருந்தது. சராசரி ஒன்பது இருபத்தேழு. விலகல் இரண்டு நிமிஷம். குறியீட்டைவிட ரயில் எவ்வளவோ நம்பகமானது என்று அப்போதே எழுதியிருக்கிறேன்.

மாமா வடக்குப் பக்கத்திலிருந்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். முதல் தண்டவாளத்தைத் தாண்டினார். இடமும் வலமும் பார்த்தார். அடுத்தது அந்த எக்ஸ்பிரஸ் போகும் தண்டவாளம், அதில் கால் வைத்தார். ஒன்பது இருபத்தாறுக்கு நான் அழைத்தேன்.

நின்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். காலை வெயில் திரையில் அடித்ததால் மேற்கே திரும்பி நின்று யார் என்று பார்த்தார். அவர் அப்படித் திரும்புவார் என்று நான் நினைக்கவில்லை; அது தற்செயல். என் கணக்கில் இல்லாததை என் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"சொல்லு மாப்ளே."

மாமா, ஒரே ஒரு கேள்வி என்றேன். இது நான் கண்டுபிடித்த கேள்வி இல்லை. பயத்தில் விற்கப் போகிற யாரிடமும் கேட்க வேண்டிய அடிப்படைக் கேள்வி என்று சார் எழுதிப் போட்டது. பெரும்பாலும் யாருக்கும் பதில் தெரியாது, அந்த யோசனையிலேயே விற்பதை விட்டுவிடுவார்கள் என்றார்.

"இன்னிக்கு வித்துட்டீங்கன்னா, திரும்ப எப்போ வாங்குவீங்க?"

மாமா யோசித்தார். எந்தக் கேள்வி கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்வார். வளைவில் வண்டி தெரிந்தது. ஹாரன் கேட்டது. அது எனக்குக் கேட்டது.

"எதுக்குடா வாங்கணும்?" என்றார். "பொண்ணு கடைக்குனுதான எடுக்கறேன். கட வந்துட்டா அது போதாதா?" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பதில் தவறு. இவ்வளவு மாதம் சொல்லிக்கொடுத்தும் அவருக்கு அடிப்படை புரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. 'நகருங்க' என்ற ஒரு சொல்லுக்கு அரை விநாடி போதும், எனக்குப் பன்னிரண்டு விநாடி இருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் பதினொன்று என்று நினைத்திருந்தேன். உங்கள் எண்ணே சரியாக இருக்கலாம். அழைப்பு மொத்தம் ஐம்பத்திரண்டு விநாடி.

தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி இறந்தார் என்று முதல் அறிக்கையில் எழுதினார்கள். அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

இறந்தவருடைய முதலீட்டை யாரும் தொட முடியாது மேடம். இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளம், படிவங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து பெயர் மாறும்வரை விற்க வழியில்லை. அதுவரை பயம் என்ற ஒன்றுக்கே அங்கே இடம் இல்லை. குறியீட்டிலிருந்து ஒரு கம்பெனியை எடுத்துவிட்டு அதைவிட நீண்ட எதிர்காலம் உள்ள ஒன்றைச் சேர்க்கும்போது யாரும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. மாமாவுக்கு அறுபத்திரண்டு. மதிவதனிக்கு இருபத்தேழு. பதினைந்து வருஷம் காத்திருக்க யாருக்குத் தெம்பு அதிகம் என்று ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

நான் சொன்னது நடந்தது. ஏழாம் தேதி அடியிலிருந்து சந்தை எழ ஆரம்பித்தது. நான் தினமும் வரைபடத் தாளில் ஒரு புள்ளி வைத்து வந்தேன். இருபத்திரண்டாம் தேதி மாமாவின் பதினாறாம் நாள் காரியம். மூன்றரைக்குச் சந்தை முடிந்தபோது எழுபத்தொன்பதாயிரத்து ஐந்நூறைத் தாண்டியிருந்தது. ஏழாம் தேதி திறந்த இடத்திலிருந்து கணக்கிட்டால் பதினோரு சதவீதம் வரும். ஆனால் ஃபண்டில் அன்றைய முடிவு விலைதான் கிடைக்கும் என்பதால் எட்டே முக்கால் என்று சொல்வதே நேர்மை.

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மதிவதனி சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாளே அந்தக் கடை வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மாமா அன்று விற்றிருந்தால் எவ்வளவு இழந்திருப்பார், விற்காததால் உனக்கு எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று பென்சிலால் தொட்டுக் காட்டி விளக்கினேன். நல்லவேளை, நான் போன் பண்ணி நிறுத்தினேன் என்றேன்.

அவள் நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"போன் பண்ணியா? எப்போ?"

ஒன்பது இருபத்தாறு என்றேன்.

"நீ எங்க நின்னுகினு இருந்த?"

"பிளாட்பாரத்துல."

"அங்கேந்து அப்பா தெரிஞ்சாரா?"

"தெரிஞ்சார்."

தெருவில் யாரோ தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு போனார்கள். பிறகு மெதுவாக, தையல் அளவு கேட்கிற குரலில் கேட்டாள்.

"ரயிலு தெரிஞ்சுதா சரண்?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. தெரிந்தது என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். வரைபடத் தாளை வாங்கி நாலாக மடித்தாள். உன் போனைக் குடு என்றாள். கொடுத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று மறுநாள் காலை நீங்கள் வந்தபோது தெரிந்துகொண்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினைந்து வருஷம் கழித்து அவளுக்குப் புரியும். நேற்று எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டதாக வெளியே யாரோ பேசியது காதில் விழுந்தது.

ஆகவே, என் தாய்மாமன் சின்னப்பையனை ஏப்ரல் ஏழாம் தேதி காலை ஒன்பது இருபத்தாறுக்கு, ரயில் வரும் என்று தெரிந்து, தண்டவாளத்தில் நிற்கவைத்துக் கொன்றது நான்தான். யாரும் என்னை மிரட்டி எழுதவைக்கவில்லை. அவர் பயந்து விற்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன். வேறு நோக்கம் இல்லை. இதை மூன்று முறை படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். அதே ஃபண்டில் என் பெயரில் இருந்த நாற்பத்தோராயிரம் ரூபாயையும் அன்று காலை ஒன்பது பத்தொன்பதுக்கு, மாமாவை அழைப்பதற்கு ஏழு நிமிஷம் முன்னால், பிளாட்பாரத்தில் நின்றபடியே முழுவதும் விற்றிருக்கிறேன் என்று என் போனைப் பார்த்துச் சொன்னீர்கள். உண்மைதான். ஆனால் அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது மேடம். அது பயத்தில் விற்றது இல்லை. எனக்கு அன்று அவசரமாக ஒரு செலவு இருந்தது. என்ன செலவு என்று நினைவு வந்ததும் தனித் தாளில் எழுதித் தருகிறேன்.